ரெட் கார்டு காட்டினால் மட்டும் போதாதா? ரிப்போர்ட் எழுதாத நடுவருக்கு ஏன் தண்டனை?

மேட்ச் முடிஞ்சா நடுவரின் வேலையும் முடிஞ்சிடும்னு நினைப்போம். ஆனால், காட்டிய கார்டுகளையும் நடந்த சம்பவங்களையும் அறிக்கையாகத் தருவதும் அவர் கடமை என்கிறது கால்பந்தின் 5-வது விதி.

ஜெர்மனியின் உள்ளூர் லீக்குகளில் இந்த ரிப்போர்ட்டை 'டிஎஃப்பிநெட்' என்ற ஆன்லைன் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அபராதம், தொகை சங்கத்துக்குச் சங்கம் மாறும். இதுவே தொடர்கதையானால் நடுவர் பட்டியலில் இருந்தே பெயரை நீக்கலாம். அது அவருடைய கிளப்பையும் பாதிக்கும். ஒவ்வொரு கிளப்பும் இத்தனை நடுவர்களைத் தர வேண்டும் என்று அங்கே கணக்கு இருக்கிறது. ஆள் குறைந்தால் கிளப்பும் பணம் கட்ட வேண்டி வரலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்த மைதானங்களில் விஏஆர் கிடையாது, பெரும்பாலும் கேமராவே கிடையாது. ஒருத்தர் எதிரணி வீரரை அடிச்சாலும், விசாரணைக்குப் பிடிமானம் அந்த ரிப்போர்ட்தான். அதில் ஒரு வரி விட்டுப்போனால், அடித்தவர் அடுத்த ஞாயிறே ஆடலாம். அடி வாங்கியவர் சாட்சி தேடி அலையணும்.

ஆனா, எழுதாததற்குச் சோம்பல் மட்டுமே காரணமாக இருக்காது. 2019 அக்டோபரில் பெர்லின் நடுவர்கள், தங்கள் மீதான வன்முறையைக் கண்டித்து ஒரு வார இறுதி முழுக்க விசில் ஊத மறுத்தார்கள். சுமார் 1,500 உள்ளூர் ஆட்டங்கள் நடக்கவில்லை. மிரட்டியவர் மேல் ரிப்போர்ட் எழுதிவிட்டு, அதே மைதானத்துக்குத் திரும்பப் போகணும்! பயந்து எழுதாதவரையும் மறந்து விட்டவரையும் ஒரே அபராதத்தில் அடக்குவது நியாயமில்லை. நோட்டீஸ் அனுப்பும் முன், என்ன நடந்ததுன்னு சங்கம் ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.