‘முடிந்தவரை’ என்னும் சொல்லும் ஒரு மூச்சுப் பரிசோதனையும்

சென்ற மாதம் டெல்லியிலுள்ள ஒரு மருத்துவமனையில் என் பெரியப்பாவுக்கு இதய-நுரையீரல் உழைப்புப் பரிசோதனை நடந்தது. வலது நுரையீரலின் மேல்மடலில் கட்டி. அம்மடலை அகற்ற வேண்டும். ஊதிப் பார்க்கும் சோதனையில் அளவுகள் குறைந்திருந்தமையால், அறுவையை உடல் தாங்குமா என்பதை அறிய இதனைக் கேட்டிருந்தார்கள். மிதிவண்டியில் சுமை ஏறத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே பெரியப்பா காலை எடுத்துவிட்டார். உச்ச ஆக்சிஜன் நுகர்வு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்திற்கு 9.4 மில்லிலிட்டர் என்றது அறிக்கை. நுரையீரல் அறுவையில் 10க்குக் கீழ் என்றால் ஆபத்து மிகுதி, 20க்கு மேல் என்றால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்று பொதுவாகக் கொள்வார்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் அறுவை வேண்டாம் என்றுதான் சொல்வார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “மூச்சு வாங்கிச்சு, நிறுத்திட்டேன். நம்ம ஊர் டாக்டர் அப்படித்தானே சொல்லியிருக்கார்?” என்றார். பரிசோதகர் இந்தியில் சொன்னதை அண்ணன் அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருக்கிறான்: “முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்கப்பா.”

என் துறை மொழியியல்; மருத்துவத்தில் கருத்துரைக்கத் தகுதி இல்லாதவன். ஆயினும் இந்த ‘முடிஞ்ச வரைக்கும்’ என் துறைக்குள் வருவது. அகராதிப்படி அது ஆற்றலின் எல்லையைக் குறிக்கிறது. வழக்கில் அது பெரும்பாலும் சலுகை. ‘முடிஞ்ச வரைக்கும் சாப்பிடுங்க’ என்றால் மீதம் வைக்கலாம் என்று பொருள். ‘முடிஞ்சா வாங்க’ என்பதற்கு அது நெருங்கிய உறவு. எல்லை வரை போக வேண்டும் என்னும் கட்டளை, மொழிபெயர்ப்பில் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்னும் பரிவாக மாறிவிட்டது. அண்ணன் சொன்ன ஒரு சொல்லும் தவறில்லை, செயல் தவறிவிட்டது.

இப்பரிசோதனையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். முகத்தில் காற்றுக் கசியாத முகமூடி, மார்பில் இசிஜி மின்முனைகள், கையில் இரத்த அழுத்தப் பட்டை, விரலில் ஆக்சிஜன் அளவி. முதலில் சும்மா அமர்ந்திருக்க வேண்டும். பிறகு சுமையின்றி மிதிக்க வேண்டும். அதன்பின் சுமை சிறிது சிறிதாக ஏறும். ஏறும் பகுதி 8 முதல் 12 நிமிடங்களுக்குள் முடியுமாறு திட்டமிடுவார்கள். உள்ளே போகும் ஆக்சிஜனும் வெளியே வரும் கரியமில வாயுவும் தொடர்ந்து அளக்கப்படும். வெளிவரும் கரியமில வாயுவை நுகர்ந்த ஆக்சிஜனால் வகுத்த விகிதம் 1.10ஐத் தாண்டினால், நோயாளி உண்மையிலேயே உழைத்தார் என்று கொள்ளலாம். பெரியப்பாவின் விகிதம் 1ஐக்கூட எட்டவில்லை. ‘முயற்சி போதாது’ என்னும் குறிப்பு அறிக்கையின் அடியில் இருந்தது. ஆனால் எல்லோர் கண்ணும் முதலில் போய் நின்றது 9.4இல்.

‘வாயு அளவிக்கு மொழி ஏது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி நியாயம். தசைகள் காற்றில்லா ஆற்றலையும் நாடத் தொடங்கும் வாசலைப் பெரும்பாலும் நோயாளியின் மன உறுதியைச் சாராமலே கண்டறிய முடியும். உச்ச அளவு அப்படியன்று. அது அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. எங்கே நிறுத்துவது என்பதை அவர் சொற்களிலிருந்தே அறிகிறார்.

இன்னொரு கருவி வெளிப்படையாகவே மொழியால் ஆனது. ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல்கள் இப்பரிசோதனையில் வழங்குகின்றன. 0 முதல் 10 வரை எண்கள், அவற்றுள் பலவற்றின் அருகே ‘மிகச் சிறிது’, ‘மிதம்’, ‘கடுமை’ என்பன போன்ற சொற்கள். முகமூடிக்குள் பேச முடியாதவர் விரலால் சுட்டுவார். ஆனால் ‘கடுமையான மூச்சிரைப்பு’ என்று எந்தத் திண்ணையில் பேசுகிறோம்? நமக்கு மூச்சு வாங்கும், இரைக்கும், முட்டும், அடைக்கும், திணறும், நெஞ்சு இறுகும். இவை ஒரே உணர்வின் படிநிலைகளா, வெவ்வேறு உணர்வுகளா? ஆங்கிலம் பேசும் நோயாளிகளிடம் நடந்த, 1990இல் வெளியான ஆய்வொன்று, மூச்சுத்துயரைச் சொல்லும் தொடர்கள் நோய்க்கேற்பக் கொத்துக்கொத்தாகப் பிரிவதைக் காட்டியது. இறுக்கம் என்று சொன்னவர்கள் பெரிதும் ஆஸ்துமாக்காரர்கள். தமிழ்ச் சொற்களை எல்லாம் ‘மூச்சுத்திணறல்’ என்னும் ஒரே பெட்டியில் போட்டு மூடும் படிவங்கள், நோயாளி கொண்டுவரும் செய்தியை வாசலிலேயே பறித்துவிடுகின்றன.

மறுவாரம் மீண்டும் பரிசோதனை செய்ய மருத்துவர் ஒப்புக்கொண்டார். முந்தைய இரவு பெரியப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். “மூச்சு வாங்கத்தான் மிதிக்கிறீங்க. வாங்கினா சரியா நடக்குதுன்னு அர்த்தம். காலு கெஞ்சும், அப்பவும் மிதிங்க. நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா, கண்ணு இருட்டினா உடனே கையைத் தூக்குங்க. நிறுத்துற உரிமை எப்பவும் உங்களுது” என்றேன். கையுயர்த்தும் சைகையைப் பரிசோதகரிடமும் சொல்லி வைத்தோம். இத்தகைய பரிசோதனைகளில் உயிரிழப்பு ஒரு லட்சத்திற்கு 2 முதல் 5 என்ற அளவிலேயே என்பதையும் மறைக்காமல் சொன்னேன். “பஸ்ல போறதவிடக் கம்மிதான்” என்றார். இந்த முறை சுமையோடு ஒன்பது நிமிடம் மிதித்தார். 14.6. இடைப்பட்ட பகுதிதான், மருத்துவர்கள் கூடிப் பேச வேண்டிய பகுதி. ஆனால் இப்போது பேசுவதற்கு ஏதோ இருக்கிறது.

எல்லா நோயாளிக்கும் மொழியியல் படிக்கும் தம்பி மகன் வாய்க்கமாட்டான். பல மொழியினர் வந்து சேரும் நகர மருத்துவமனைகளில், முகமூடி மாட்டுவதற்கு முன் நோயாளியின் மொழியில் பத்து நிமிட விளக்கம் என்பது உபசாரமன்று, அளவீட்டின் ஒரு பகுதி. இயந்திரத்தை ஒவ்வொரு நாளும் அளவு திருத்துகிறார்கள்; அறிவுறுத்தலை யாரும் திருத்துவதில்லை. மொழிபெயர்த்த படிவத்தை மொழி தெரிந்த ஒருவர் பிழை பார்த்தால் போதாது. அதைக் கேட்ட நோயாளி என்ன செய்யப் போகிறார் என்று அவரையே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும்.

மூச்சைக் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘இளைக்குது’ என்பது உங்கள் ஊரில் மெலிவதையா, மூச்சிரைப்பதையா குறிக்கிறது? ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.