யந்திரக் கண்

எங்கள் வையம்பட்டியில் பால் ஊற்றும் பெரியவர் சென்ற வாரம் கைபேசியை நீட்டி, "வாத்தியாரையா, இது என்னவென்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கண்ணாலும் கண்டிராத ஒரு நகரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டினாராம், அபராதம் விதித்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி அவருடையதன்று. எண்ணிலிருந்த 3-ஐ யந்திரம் 8 என்று வாசித்திருந்தது!

"கட்டித் தொலைத்துவிடுகிறேன், ஐயா. அலைந்தால் ஒரு நாள் பிழைப்புப் போகும்" என்றார்.

இங்கேதான் அபாயம் இருக்கிறது, நேயர்களே! மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, யந்திரத்துக்கும் கடமைகளை வகுத்தது. காமிராவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அத்தாட்சி வேண்டும். குற்றமும் வண்டி எண்ணும் தெளிவாய்த் தெரியும் படம் வேண்டும். 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் 2021-இல் அவ்விதி சொன்னது.

குற்றம் செய்தவர் தாமதமின்றிக் கட்டிவிடுவதே அழகு. செய்யாதவர் கட்டுவதோ பொறுமையாகாது, பொய்க்குக் கையொப்பமிடுவதாகும்.

இரு வண்டிகளின் படங்களையும் இணைத்து மறுப்பு எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. பெரியவர் மட்டும் தினந்தோறும் விசாரிக்கிறார்: "அந்த யந்திரத்துக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியாயிற்றா, ஐயா?"