வானம் தோண்டிய கதை

எங்கள் வீட்டில் பாத்ரூம் கொல்லைக் கோடியில் இருக்கிறது. தாத்தா காலத்து ஏற்பாடு. போன ஐப்பசி மழையில், ராத்திரி டார்ச்சோடு போன அம்மா வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. 'இனி வீட்டோடு ஒட்டி ஒரு அறை, அதற்குள்ளேயே பாத்ரூம்' என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. கையில் இருந்த சேமிப்பு அதற்கு மட்டும்தான் காணும்.

மேஸ்திரி வந்தார். "நாளைக்கே நல்ல நாள் சார். வானம் தோண்டிடலாம்."

அஸ்திவாரக் குழி வெட்டுவதற்கு நம் ஊரில் 'வானம் தோண்டுவது' என்று பெயர். பூமியைத் தோண்டுவதற்கு இப்படிப் பேர் வைத்தவர், செலவு எங்கே போய் முட்டும் என்று தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"எவ்வளவு ஆழம்?"

"மூணடி போதும்."

"எப்படிச் சொல்றீங்க?"

தரையில் இரண்டு மிதி மிதித்தார். "கெட்டி மண்ணு சார்!"

அவ்வளவுதான் மண் பரிசோதனை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு அடுத்த தெரு நண்பன் ஞாபகம் வந்தது. இதேபோல் பழைய வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டினான். ஆறே மாதத்தில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் விரிசல். முதலில் அதன் மேல் தினசரி காலண்டர் மாட்டியிருந்தான். பிறகு மாதக் காலண்டர். இப்போது ஆளுயரக் கண்ணாடி.

ஒரு சிவில் என்ஜினீயரைப் பிடித்தேன். "பழைய சுவர் உட்கார வேண்டிய அளவு எப்பவோ உட்கார்ந்தாச்சு. புதுசு இனிமேதான் உட்காரும். ரெண்டையும் சேர்த்துக் கட்டினா ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அது எவ்வளவு உட்காரும்னு மண்ணைத்தான் கேக்கணும்" என்றார். மண்ணைக் கேட்பதற்கு 12,000 ரூபாய்.

விஷயம் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் உறையூரிலிருந்து வந்து இறங்கினார்.

"ஏண்டா, நம்ம ராஜகோபுரம் எத்தனை நூற்றாண்டு மொட்டையா நின்னுது? அந்தப் பழைய அடித்தளத்து மேலேயே பதிமூணு நிலை எழுப்பி 1987ல கும்பாபிஷேகம் பண்ணினாங்க. 236 அடி! நீ ஒத்தை ரூமுக்கு மண்ணைச் சோதிக்கிறியா?"

நியாயமான கேள்விதான். ஆனால், அந்த அடித்தளத்தைப் போட்டவர்கள் பெரிய கோபுரத்தை மனதில் வைத்துப் போட்டார்கள். எங்கள் தாத்தா நாட்டு ஓட்டை மனதில் வைத்துப் போட்டார்.

இன்னொன்று. ஸ்ரீரங்கம் என்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. அந்தப் பக்கம் மலைக்கோட்டை பாறை. இந்தப் பக்கம் ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். இடையிடையே களிமண். நாலடி தள்ளினால் கதை மாறும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928ல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். நல்லவேளை, அதற்கு முன்பே அதில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

இந்த மணலுக்கு வைத்தியமும் இங்கேதான் இருக்கிறது. கல்லணை! ஆற்றில் பெரிய கற்களைப் போட்டு, அவை மணலில் புதையப் புதைய மேலே அடுக்கிக் கட்டியது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றோம் என்று ஆர்தர் காட்டன் துரையே எழுதி வைத்தார்.

இதையெல்லாம் சொன்னேன். பெரியப்பா காபி கேட்டார்.

மறுநாள் முக்காலி போல மூன்று இரும்புக் கால்களை நட்டார்கள். நடுவில் கயிற்றில் 63.5 கிலோ சம்மட்டி. என்னைவிட அரைக் கிலோ அதிகம். அதை 75 சென்டிமீட்டர் தூக்கி விடுவார்கள். கீழே குழாய் இறங்கும். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்பதுதான் கணக்கு. அடி அதிகமானால் மண் கெட்டி. பி.காம். படித்த எனக்கே புரிந்துவிட்டது.

சுவரோரத்தில் ஒரு குழி வெட்டி தாத்தாவின் அஸ்திவாரத்தையும் பார்த்தார்கள். இரண்டரை அடி!

முதல் மூலையில் பதினாலு அடி. மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது மூலையில் இரண்டே அடி. சர்க்கரைப் பொங்கலில் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது. குழாயில் வந்தது மண் இல்லை; செங்கல் தூள், கரித்துண்டு, பாதி பீங்கான் கோப்பை.

"இங்கே ஏதோ தூர்த்திருக்காங்க சார்" என்றார் என்ஜினீயர்.

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "ஆமா, கிணறு இருந்துதே. நான் கல்யாணமாகி வந்த புதுசுல அதுலதான் தண்ணி இறைப்பேன். அப்புறம் உங்க தாத்தா குப்பையைக் கொட்டி மூடிட்டார்."

"ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"என்னை யாருடா கேட்டா?"

பெரியப்பா மோட்டுவளையைப் பார்த்தார். அவரும் இதே வீட்டில் பிறந்தவர்தான்.

12,000 ரூபாயும் தண்டம் என்று நினைக்காதீர்கள். கிணறு இருந்ததை அம்மா சொல்லுவாள். தூர்த்த மண் எதுவரை பரவியிருக்கிறது, எங்கே கெட்டி மண் ஆரம்பம் என்பதைச் சம்மட்டிதான் சொல்லும். அறையை எட்டடி தள்ளி வைத்தோம். பழைய சுவரோடு கட்டாமல் நடுவே இடைவெளி விட்டு, மேலே மட்டும் ஒரு கூரை. ஐந்தடி ஆழம். தாத்தாவின் இரண்டரை அடியை ஒட்டி அவ்வளவு தோண்டினால் பழைய வீடே குழிக்குள் எட்டிப் பார்க்கும் என்பதால்தான் அந்த இடைவெளி.

இந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. விடிந்ததும் புது அறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"என்னடா தேடறே?"

"விரிசல்மா."

"அது இருக்கட்டும். இந்தப் பக்கம் செப்டிக் டேங்க் ஒண்ணு மூடினாங்க. அதையும் இப்பவே சொல்லிடறேன். அப்புறம் கேக்கலைன்னு சொல்லாதே!"