ஊசிக்கு உரியவர் யார்?

நம் தீவுகளில் இப்பொழுது எந்தத் தமிழ்த் திருமணத்திற்குச் சென்றாலும் மணமகளின் இரவிக்கையில் ஆரி வேலை மின்னுவதைக் காண்கிறோம். நம் சங்கத்து மகளிருள்ளும் சிலர் இவ்வேலையைக் கற்று, வீட்டிலிருந்தபடியே நாலு காசு ஈட்டி வருகின்றனர். மகிழத்தக்க செய்தியே இது. ஆயினும், இதே ஊசி சென்னையிலிருந்து பாரிசு வரை சென்று வருகிறது என்பதை நம்முள் பலர் அறியார். அவ்வரலாற்றை அறிந்தால் நம் வீட்டு வேலைக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

பாரிசு நகரில் லெசாழ் என்னும் பூவேலைக் கூடம் ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டு மிசோனே என்பவரால் தொடங்கப்பெற்ற தொழிற்கூடத்தை 1924-இல் லெசாழ் குடும்பத்தார் வாங்கி நடத்தலாயினர். தந்தை இறந்தபின் 1949-இல், இருபது வயதிலேயே பொறுப்பேற்ற பிரான்சுவா லெசாழ், 2011-இல் காலமாகும் வரை அத்தொழிலின் தலைமகனாக விளங்கினார். அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட பூவேலை மாதிரிகள் அக்கூடத்தில் காக்கப்பட்டு வருகின்றன. 2002-இல் சனேல் என்னும் புகழ்பெற்ற உடை நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

அவருடைய மைந்தர் சான் பிரான்சுவா லெசாழ், தம் தொழிலுக்கு இடமாகத் தேர்ந்துகொண்டது நம் சென்னை மாநகரம். 1993-இல் அங்கே நண்பர்களுடன் சேர்ந்து வஸ்திரகலா என்னும் பூவேலைக்கூடத்தை நிறுவினார். அயல்நாட்டு மாளிகைகளின் திரைகளும் இருக்கை உறைகளும் சுவர்த்துணிகளும் அங்கே உருவாகின்றன. வடிவம் பிரெஞ்சு மரபில் தோன்றினும், துணியைத் தொடும் கைகள் நம் நாட்டுக் கைகளே.

வேலையின் முறையைச் சிறிது கூறுவோம். மரச்சட்டத்தில் துணியை முரசுத்தோல் போல் இறுக்கிக் கட்டுவர். தாளில் வரைந்த சித்திரத்தின் கோடுகளெங்கும் ஊசியால் துளையிட்டு, அத்தாளைத் துணிமேல் விரித்துப் பொடி தேய்க்க, சித்திரம் துணியில் இறங்கும். பின்னர், ஒரு கை கீழிருந்து நூலைக் கொடுக்க, மேற்கையின் கொக்கி ஊசி அதனைக் கண்ணி கண்ணியாக இழுத்துச் சங்கிலித் தையல் போடும். பிரெஞ்சுத் தொழிலாளர் கையாளும் லூனேவில் கொக்கியும் இதற்கு உறவுடையதே. முரசு போன்ற சட்டத்தில் தைக்கும் இம்முறை கீழை நாடுகளிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்றது என்பர். பிரெஞ்சு மன்னரின் அன்பிற்குரிய பொம்பதூர் சீமாட்டி அத்தகைய சட்டத்தின்முன் அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் உள்ளது.

இக்கொடுக்கல் வாங்கல் புதியதன்று. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் பிரெஞ்சு மக்களை எவ்வளவு மயக்கின என்றால், உள்நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுமென அஞ்சி, 1686-இல் அந்நாட்டரசு அவற்றிற்குத் தடை விதித்தது. தடை 1759-இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்பு என்பவர் சூயி என்னும் ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார். இதற்கிடையில் 1742-இல், தென்னாட்டில் வாழ்ந்த கேர்து என்னும் ஏசுசபைப் பாதிரியார், கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்தும் முறை முதலியவற்றை இங்குள்ள தொழிலாளரிடம் கேட்டறிந்து தம் நாட்டிற்கு எழுதியனுப்பினார். பாதிரியாரின் பெயரை நூல்கள் சொல்கின்றன. அவருக்கு ஆசிரியராயிருந்த தொழிலாளரின் பெயரைச் சொல்வார் எவருமில்லை.

இன்றும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. மும்பையின் சிறு கூடங்களில் ஐரோப்பியப் பெரு நிறுவனங்களுக்காகப் பூவேலை செய்வோர் சிலர், பாதுகாப்பற்ற நெருக்கமான இடங்களில் தக்க உரிமைகளின்றி உழைப்பதாக நியூயார்க் டைம்ஸ் இதழ் 2020 மார்ச்சில் எழுதியது. மறுபுறம், 2023 மார்ச்சு 30-ஆம் நாள் தியோர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் மும்பை இந்திய நுழைவாயிலின் முன்பே தன் உடைக்காட்சியை நடத்தி, பூவேலை செய்தளித்த சாணக்கியா கூடத்தின் பெயரை உலகறியச் செய்தது. இது நல்ல தொடக்கம். ஆயினும் அங்கே ஒலித்தது கூடத்தின் பெயர். கையின் பெயர் அன்று.

பெயரின் மதிப்பைப் பிரெஞ்சுக்காரர் நன்கறிவர். பாரிசின் உயர் உடைக்கலைக்குரிய பெயரைத் தகுதிபெற்ற நிறுவனங்களன்றிப் பிறர் வழங்கலாகாது என 1945 முதல் அங்கே விதி உண்டு. நம் நாட்டிலும் 1999-இல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் காஞ்சிப் பட்டு போன்றவற்றின் ஊர்ப்பெயரைக் காத்து வருகிறது. ஊருக்குக் காவல் கிடைத்தது. நெய்தவருக்கோ, தைத்தவருக்கோ இன்னும் முகவரி இல்லை.

அயலாரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குவோம். இரவிக்கை தைக்கும் சகோதரியிடம் துணிக்கும் மணிக்கும் ஆன செலவைக் கணக்கிட்டு, அவர் கண்விழித்த இரவுகளுக்கு விலை பேரம் பேசுபவர் யார்? நாமே அல்லவா? நிக்கோபார் மக்கள் முடையும் பாயையும், படாக்கு மரத்தில் கடைந்த பொருளையும் ஊருக்குப் பரிசாகக் கொண்டு செல்கிறோமே. செய்தவர் யார் என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா? நம் தொழிலாளரைப் பாரிசு மறந்ததென வருந்தும் நாம், நமக்கு இடங்கொடுத்த தீவின் மக்களை மறத்தல் முறையாகுமா?

ஆதலின் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வோம். வேலைக்கு அமர்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பொருட்செலவு வேறு, உழைப்புக்கூலி வேறு எனப் பிரித்துக் கூறுங்கள். முன்பணமும் முடிக்கும் நாளும் எழுத்தில் இருக்கட்டும். கூலியைக் கேட்பது நாணத்தக்க செயலன்று.

சங்கத்தின் செயற்குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். வரும் பொங்கல் விழாவில் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தால், விலைச்சீட்டின் மேல் வரியில் செய்தவரின் பெயரை எழுதுங்கள். விலை இரண்டாம் வரியில் இருக்கட்டும்.