குன்றின் முடிவில் கடல்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை, நூறு மைல் நீளமுள்ள நடைவழி ஒன்று செல்கின்றது. தென் டவுன்ஸ் எனப்படும் வெண்சுண்ணக் குன்றுகளின் முதுகின்மேல் அமைந்தது அது. ‘டவுன்’ என்பதற்குக் கீழ் என்று இங்குப் பொருள் கொள்ளற்க. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் குன்றையே குறித்தது. இவ்வழியை நடந்து கடக்க எட்டு ஒன்பது நாள் ஆகும். கடந்து முடித்தவர் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆயினும், அப்பெருமை முழுவதும் அவருடைய கால்களுக்கே உரியதன்று என்பது என் கருத்து.

காலுக்கு மெத்தென்று இருக்கும் அக்குறும்புல் வெளியை இயற்கையின் கொடை என்று பலர் எண்ணுகின்றனர். பல நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து மேய்ந்து உருவாக்கிய வெளி அது. மேய்ச்சல் நின்ற இடத்தில் முட்புதர் மண்டிவிடும். சுண்ணப்பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்வதால் குன்றின் உச்சியில் நீர் நிற்பதில்லை. ஆகவே, ஆயர்கள் பள்ளம் தோண்டி, களிமண்ணை மிதித்து இறுக்கி, சிறு குளங்களை அமைத்தனர். பனிக்குளம் என்று அவற்றுக்குப் பெயர். நிரப்புவதோ பெரும்பாலும் மழைதான்!

வழியில் நடக்கும் உரிமையும் தானே வந்ததன்று. 1932ஆம் ஆண்டில், வடக்கே டார்பிஷயரில், வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமீது தொழிலாளர் பலர் தடையை மீறி ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொது நடைவழிகளை வரைபடத்தில் குறிக்குமாறு பணித்தது. நெடுந்தொலைவு வழிகள் அமைக்கவும் இடம் தந்தது. தென் டவுன்ஸ் வழி 1972இல் திறக்கப்பட்டது. அன்று அது வின்செஸ்டரை எட்டவில்லை. பின்னரே அந்நகர்வரை நீண்டது.

கடற்கரையோரமாகச் செல்வோர்க்கு இறுதி நாளே கடினமானது. ஏழு சகோதரிகள் எனப்படும் வெண்பாறை முகடுகளில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முழங்கால் ஓய்ந்துபோகும். அதன்பின் 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி முனை வரும். கீழே கடல் பாறையை அரித்துக்கொண்டே இருக்கின்றது. விளிம்பு இடிந்து விழக்கூடும். எட்டிப் பார்ப்பது அறிவீனம்.

இம்முனையில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கட்டடங்கள் பெருகிக் குன்றை விழுங்கிவிடும் என்று அஞ்சிய ஈஸ்ட்போர்ன் நகரத்தார், 1926இல் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்றனர்; 1929இல் ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை நகருக்கென விலைக்கு வாங்கினர். ஆனால், அந்நகர மன்றமே 2016இல் அந்நிலத்தின் பெரும்பகுதியை விற்க முற்பட்டது. பணமுடை எல்லா மன்றங்களுக்கும் உண்டு. எனினும், முன்னோர் பிள்ளைகளுக்கென வாங்கி வைத்ததை ஒரு தலைமுறையின் செலவுக்கு விற்பது முறையாகாது. மக்கள் எதிர்த்தனர், 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் வாளாவிருந்திருந்தால், நூறு மைலின் இறுதிப் பகுதி பிறர் கைக்குப் போயிருக்கும்.

பீச்சி முனையைக் கடந்ததும் வழி புற்சரிவில் இறங்கி, நகரின் மேற்கு ஓரத்துச் சாலையைத் தொடுகின்றது. மேற்கிலிருந்து வந்தவர்க்கு அவ்விடம் முடிவு. ஈஸ்ட்போர்னிலிருந்து புறப்படுவோர்க்கு அதுவே முதற்படி.