சோலூர்க் குளிரும் கோவை வெயிலும்

டிசம்பர் பாதி கழிந்துவிட்டால் ஊட்டிக்கு அருகே சோலூர், தலைகுந்தா பக்கத்து மலைப் பட்டறைகளில் காலை வேளையில் ஒரே பாட்டுதான்: "செல்ஃப் எடுக்கலே, டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது." புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும், வெளியே நிறுத்திய பைக்கின் சீட்டிலும் அதே வெள்ளை. மெக்கானிக் ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்ப்பார். "குளிருக்கு பேட்டரி போயிடுச்சு" என்பார். புதிது ஒன்று ஏறும். பல வண்டிகள் அடுத்த பனிக்காலத்திலும் அதே வாசலில் வந்து நிற்கும்.

குளிர்மேல் பழி போடுவது எளிது. அதில் பாதி உண்மையும் உண்டு. ஈய-அமில பேட்டரி 27 டிகிரியில் தரும் திறனை 100 என்று வைத்தால், பூஜ்யம் டிகிரியில் சுமார் 80 தான் கிடைக்கும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக கரன்ட் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. ஆனால் நல்ல பேட்டரிக்கு இது ஒரு சுமையே அல்ல. வெயில் ஏறியதும் அது பழையபடி வேலை செய்யும்.

பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் சோலூரின் தட்பவெப்பம் பேட்டரிக்கு வரம். சிக்கல், அது மலையேறி வருவதற்கு முன் எங்கே இருந்தது என்பதில்தான். சீல்டு பேட்டரி சும்மா இருந்தாலும் 25 டிகிரியில் மாதம் 3 சதவீதம் அளவுக்குத் தானாகச் சார்ஜ் இழக்கும். 35 டிகிரியில் அது இரட்டிப்பாகும். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தகரக்கூரை போட்ட குடோனில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிடந்த பேட்டரி, மூன்றில் ஒரு பங்கு சார்ஜை இழந்து, தகடுகளில் சல்பேட் படிந்த நிலையில்தான் பர்லியாறு தாண்டி மேலே வருகிறது. சமவெளியில் விற்றிருந்தால் இன்னும் ஓராண்டு ஒப்பேற்றியிருக்கும். இங்கே முதல் உறைபனியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

எனவே மலைக்கடைக்காரர் பேட்டரி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்பு மாதம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் குறியீடு போடுகிறது. விநியோகஸ்தரிடம் ஒருமுறை கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும். அடுத்தது மல்டிமீட்டர். நல்ல சார்ஜில் இருக்கும் ஏஜிஎம் வகை சீல்டு பேட்டரி சும்மா இருக்கையில் 12.8 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் சார்ஜ் போட்டுத்தான் விற்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பலாம். வாரண்டி விற்ற தேதியிலிருந்துதானே ஓடுகிறது என்று வாதிடும் விநியோகஸ்தர்கள் உண்டு. வாரண்டி கார்டைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு அலையப்போவது அவர்களல்ல.

இதைவிட முக்கியமான சோதனை வண்டியில்தான் நடக்க வேண்டும். நல்ல பேட்டரியைக் கெட்ட வண்டியில் மாட்டி விற்பதுதான் இத்தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. இன்ஜினை 4,000 ஆர்பிஎம் அளவில் வைத்து டெர்மினலில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. புது பேட்டரி சில மாதங்களில் உப்பிவிடும். 13-ஐயே எட்டவில்லை என்றால் ஸ்டேட்டரையும் வயரிங்கையும் பார்க்காமல் பேட்டரி பற்றிப் பேசிப் பயனில்லை.

மலைக்கென்றே ஒரு நுணுக்கமும் உண்டு. குளிர்ந்த பேட்டரி நிரம்புவதற்குக் கூடுதல் வோல்ட் தேவை. டிகிரிக்கு 0.02 வோல்ட் என்று வைத்தால், 25 டிகிரியில் 14.2 போதும் என்கிற பேட்டரிக்கு 5 டிகிரியில் 14.6 வேண்டும். பைக்கின் ரெகுலேட்டருக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் தெரியாது. வீட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகள் பனிக்காலம் முழுக்க அரைகுறைச் சார்ஜிலேயே நிற்பதற்கு இதுவும் காரணம். அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் மாதம் ஒருமுறை ராத்திரி வண்டியை விட்டுப்போகச் சொல்லி, 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கலாம். லாரி பேட்டரிக்கு வைத்திருக்கும் சார்ஜரை இதில் மாட்டக்கூடாது.

அடுத்த எதிரி ஃபாக் லைட். மேகம் சாலையில் இறங்கும் ஊரில் அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 20 வாட் விளக்கு இரண்டு சேர்ந்தால் 3.3 ஆம்பியர் இழுக்கும். நேரடியாக பேட்டரியில் இணைத்துவிட்டு, இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தால், 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இறங்கு என்று போலீஸ் சொல்வது பிரேக்குக்காக. கியரில் இன்ஜின் சுழன்றால் சார்ஜும் ஏறும் என்பதை மெக்கானிக்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் பெரிய பேட்டரியாப் போட்டுடுங்கண்ணே" என்ற கோரிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. பெரிய பேட்டரி நிரம்பவே நிரம்பாது என்று பயமுறுத்துவது சரியல்ல. ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது எதிலும் ஒன்றுதான். ஆனால் வரவைவிடச் செலவு அதிகமான வண்டியில் பெரிய பேட்டரி நாளைத் தள்ளிப்போடுமே தவிரக் காப்பாற்றாது. இடம் இருந்தால் போடலாம். யூவாசா நிறுவனத்தின் குறியீட்டில் ஒய்டிஎக்ஸ்4எல், 5எல், 7எல் மூன்றுக்கும் அடிப்பரப்பு சுமார் 114-க்கு 71 மில்லிமீட்டர்தான். உயரம் மட்டும் ஏறக்குறைய 86, 106, 131 என்று ஏறும். திறன் 3, 4, 6 ஆம்பியர்-மணி. அதற்கு அடுத்த ஒய்டிஎக்ஸ்9-க்கு அடிப்பரப்பே வேறு, பிளஸ் முனையும் இடப்பக்கம் மாறிவிடும். வயரை இழுத்துப் பிடித்து மாட்டினால் தோட்டத்துச் சாலைக் குலுக்கலில் ஒருநாள் உரசிப் புகையும். பழைய பேட்டரியின் குறியீட்டையும் முனைகளின் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போவது நல்லது.

பெயரின் கடைசியில் பிஎஸ் என்று இருந்தால் ஆசிட் தனிப் பொதியாக வரும். ஊற்றியபின் அரை மணி நேரமாவது ஊறவிட்டு, மூடியை அழுத்தி மூடி, முதல் சார்ஜ் போட வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் பேட்டரி முழுத்திறனை எப்போதுமே எட்டாது. அந்த மூடியை இரண்டாண்டு கழித்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வைத்தியமும் வேண்டாம்.

இவ்வளவு கவனம் முன்பு தேவைப்படவில்லை. கிக்கரை நாலு உதை விட்டால் வண்டி கிளம்பிவிடும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். பம்பு ஓடவே கரன்ட் வேண்டும். 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350 பைக்கில் கிக்கரே கிடையாது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் மேட்டிலிருந்து உருட்டிவிட்டாலும் பயன் சந்தேகம்தான்.

எடை குறைந்த லித்தியம் பேட்டரி கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் செல் பழுதாகும். உறைபனியில் வெளியே நிற்கும் வண்டிக்கு இப்போதைக்கு ஏஜிஎம்மே போதும்.

கழற்றிய பழசை விலையில் கழித்துக்கொண்டு திரும்ப வாங்குவது மலையில் இன்னும் அவசியம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. சோலூர்க் கடையில் சேர்வதை மாதம் ஒருமுறை ஊட்டி டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடலாம். அதுவரை அவற்றை நிமிர்த்தி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். உடைந்தது இருந்தால் பிளாஸ்டிக் தொட்டிக்குள் தனியாக.