சைக்கிள் சீட்டு: மெத்தையா, அளவா?

மாணவர்களே, சைக்கிள் வாங்கும்போது நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? நிறத்தைப் பார்க்கிறீர்கள். கியர் உண்டா என்று கேட்கிறீர்கள். மணியை அடித்துப் பார்க்கிறீர்கள். சீட்டை மட்டும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, "மெத்தென்று இருக்கிறது" என்று திருப்தி அடைந்துவிடுகிறீர்கள். இந்தக் கட்டைவிரல் சோதனை தவறானது என்பதே என் கட்சி.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். முதல் நாள்தான் சீட்டின்மேல் தடித்த ஸ்பாஞ்சு உறை ஒன்றை மாட்டியிருந்தேன். முதல் கால் மணி நேரம் அது அரியாசனமாகவே இருந்தது. வேதகிரி மலை கண்ணில் படும் நேரத்தில் கால்களுக்கு நடுவே மரத்துப்போகத் தொடங்கியது. மலையடிவாரத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வகுப்பில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதும் சூத்திரம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவரின் எடை ஏறத்தாழ 500 நியூட்டன். கைகளும் கால்களும் ஒரு பகுதியைத் தாங்க, சீட்டின்மேல் 300 நியூட்டன் விழுவதாகக் கொள்வோம். உடல் சீட்டைத் தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் 60,000 பாஸ்கல். அதுவே 150 சதுர சென்டிமீட்டர் என்றால் 20,000 பாஸ்கல்தான். "அப்படியானால் பரப்பைக் கூட்டும் மெத்தைதானே நல்லது?" என்று நீங்கள் வாதாடலாம். கணக்கு சரிதான். ஆனால் அது சராசரிக் கணக்கு. அழுத்தம் எவ்வளவு என்பதோடு, எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மர பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை உடலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்க இயற்கை தந்த தூண்கள் அவை. அவற்றுக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதியிலோ நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பிசைந்த சப்பாத்தி மாவில் இரண்டு விரல்களை அழுத்துங்கள்; நடுவே மாவு மேடாக எழும்பும். தடித்த ஸ்பாஞ்சிலும் அதுவே நிகழ்கிறது. முண்டுகள் அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள ஸ்பாஞ்சு பிதுங்கி, தாங்கக் கூடாத இடத்தைத் தாங்குகிறது. கடைத்தெரு வரை போய்வர இதனால் கேடில்லை. நெடுந்தூரத்துக்கு இது உதவாது.

ஆகவே மென்மையைவிட அகலமே முக்கியம். இரண்டு முண்டுகளும் சீட்டின்மேல் முழுமையாக அமர வேண்டும். அந்த அளவை வீட்டிலேயே எடுக்கலாம். நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைப் பெஞ்சின்மேல் போட்டு, முழங்கால்களைச் சற்று உயர்த்தி அழுந்த உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் அதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் இன்னும் சற்று அகலமாகப் பார்க்கலாம். பந்தய சைக்கிளைப் போல் குனிந்து ஓட்டும்போது இடுப்பு முன்னோக்கிச் சாய்வதால் குறுகலான சீட்டே பொருந்தும். அகலம் மிகுந்தால் தொடை உரசிப் புண்ணாகும். நண்பகலுக்குப் பின் திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே ஓட்டுகிறவர்களைக் கடற்காற்று தானாகவே குனிய வைக்கும். எனவே எப்படி ஓட்டப் போகிறோம் என்று தெரியாமல் சீட்டு வாங்கக் கூடாது.

மெத்தையில்லாத சீட்டு புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஜான் புரூக்ஸ் 1882ஆம் ஆண்டிலேயே தம் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை கோரினார். அவர் பெயரில் வரும் தோல் சீட்டுகளில் பஞ்சே கிடையாது. இழுத்துக் கட்டிய தடித்த தோல், நாளடைவில் ஓட்டுகிறவரின் முண்டுகளுக்கேற்பக் குழிந்துகொடுக்கிறது.

நல்ல சீட்டையும் கோணலாகப் பூட்டினால் பயனில்லை. சீட்டின் மூக்கு 10 பாகை கீழே சரிந்திருப்பதாகக் கொள்வோம். சாய்தளத்தின் விதிப்படி 300 நியூட்டனில் சுமார் 52 நியூட்டன் உங்களை முன்னே தள்ளும். ஐந்து கிலோ சுமையை மணிக்கணக்கில் கைகளால் தடுத்துக்கொண்டிருப்பதற்கு அது சமம். ரசமட்டம் வைத்துச் சீட்டைச் சமமாக்குங்கள். உயரத்துக்கும் எளிய வழி உண்டு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தந்துகிகளில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது 4,000 பாஸ்கல். நாம் கணக்கிட்ட 20,000 பாஸ்கல் அதைப்போல் ஐந்து மடங்கு! எனவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீட்டிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கலாகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று, இரத்தம் ஓட வழிவிடுங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அதில் ஏறுகிறவர்களோ பல அளவு. சீட்டு சரியில்லாமல் உடம்பு வலித்தால், "சைக்கிளே எனக்கு ஒத்துவராது" என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். நல்லதொரு வண்டி திண்ணையோரம் துருப்பிடிக்கும். ஆகவே என் யோசனை இது: வண்டி வழங்கும் நாளில் ஒவ்வொரு பள்ளியும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். ஒரு ஸ்பானர், ஒரு ரசமட்டம், ஓர் அட்டைத் துண்டு போதும். இயற்பியல் ஆசிரியர் முன்னின்று, ஒவ்வொருவருக்கும் சீட்டின் உயரத்தையும் மட்டத்தையும் சரிசெய்து கொடுக்கட்டும். பாடப்புத்தகத்தில் படித்த அழுத்தமும் சாய்தளமும் அந்த ஒரு மணி நேரத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே ஓர் அட்டைத் துண்டைத் தேடி எடுங்கள்.